ஆர்ச்சஸ் 300 ஜி.எஸ்.எம். காகிதம்: பணியறையிலிருந்து ஒரு மதிப்புரை

எண்ணெய் வண்ணத்தில் வரைபவர் வெளிச்சத்தை ட்யூபிலிருந்து பிதுக்கி எடுத்துக் கடைசியில் மேலே வைத்துக்கொள்ளலாம். நீர்வண்ணத்தில் அந்த வழி இல்லை. ஒளி புகும் மெல்லிய வண்ணப் படலத்தின் ஊடாகக் காகிதத்தின் வெண்மை திரும்பி வந்து கண்ணில் படுவதுதான் அந்த ஓவியத்தின் வெளிச்சம். ஆகவே காகிதத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ஓவியர் தம் வெளிச்சத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார். சென்னையில் நீர்வண்ண ஓவியத்தையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், என் மேசையில் பல ஆண்டுகளாக இடம்பிடித்திருக்கும் ஆர்ச்சஸ் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கோல்டு பிரஸ், அதாவது சொரசொரப்பான மேற்பரப்புள்ள, காகிதத்தைப் பற்றி எழுதுகிறேன். விலை அதிகம் என்று தெரிந்தும் ஒரு தாளாவது வாங்கிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்தக் காகிதம் பிரான்ஸின் வோஜ் பகுதியில், மோசெல் ஆற்றங்கரையில் உள்ள ஆர்ச்சஸ் என்ற ஊரின் ஆலையில் தயாராகிறது. ஆலை தொடங்கப்பட்ட ஆண்டு 1492. வால்டேரின் முழுப் படைப்புகளையும் அச்சிடுவதற்காக நாடகாசிரியர் போமார்ஷே 1779 இல் இந்த ஆலையைத் தம் வசம் எடுத்துக்கொண்டார் என்பது அதன் வரலாற்றில் நான் மிகவும் விரும்பும் செய்தி. எழுத்துக்காக ஓர் எழுத்தாளர் காகித ஆலையையே கையில் எடுத்திருக்கிறார். 2020 முதல் ஆலை இத்தாலியின் ஃபிலா குழுமத்திடம் இருக்கிறது. உரிமை கைமாறியிருந்தாலும் செய்முறையின் அடிப்படை மாறவில்லை. மரக்கூழ் சிறிதும் சேராமல் பருத்தி இழை மட்டும் பயன்படுகிறது. சுழலும் உருளை அச்சின் மேல் இழைகள் மெல்ல மெல்லப் படிந்து தாளாகின்றன. கம்பளி விரிப்பின் நெசவு அந்த ஈரத் தாளில் பதிந்து மேற்பரப்பின் சொரசொரப்பாகிறது. மரக்கூழில் இருக்கும் லிக்னின் இதில் இல்லாததால், கவனமாக வைக்கப்படும் தாள் காலப்போக்கில் பழுப்பேறி நொறுங்குவதில்லை. வெண்மையைக் கூட்டிக் காட்டும் ஒளிர்பொருள்களும் சேர்க்கப்படுவதில்லை. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் ஆலையின் பெயர் நீர்க்குறியீடாகத் தெரியும். எழுத்து நேராகப் படிக்க வரும் பக்கமே முன்பக்கம். பின்பக்கத்திலும் தாராளமாக வரையலாம். அதன் நெசவு சற்று வேறுபட்டிருக்கும், அவ்வளவே.

முழுத் தாள் 56 செ.மீ.க்கு 76 செ.மீ. ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் என்ற கணக்கில் ஒரு தாள் ஏறத்தாழ 128 கிராம் எடை கொண்டது. கையில் எடுத்ததும் அட்டைக்கு அருகிலான ஒரு திடம் தெரியும். லேசாக ஆட்டினால் எழும் கணீரென்ற ஓசையைக் கேட்டே நல்ல சைஸிங் (பசையூட்டல்) உள்ள தாளைப் பழகியவர்கள் அடையாளம் காண்பார்கள்.

அந்த சைஸிங்தான் இந்தக் காகிதத்தின் உயிர். பருத்தி இயல்பாகவே நீரை உறிஞ்சும் பொருள். எதுவும் சேர்க்காத பருத்தித் தாளில் தூரிகையை வைத்தால் வண்ணம் உடனே உள்ளே இறங்கி மங்கிவிடும். அதைத் தடுக்கத் தாளுக்கு ஒரு பசையூட்டுகிறார்கள். ஆர்ச்சஸ் ஆலை இன்றும் அதற்கு ஜெலட்டினையே பயன்படுத்துகிறது. மேற்பரப்பில் மட்டுமின்றித் தாளின் உள்ளே வரைக்கும் அது ஊறியிருக்கிறது. தாளை நனைத்ததும் ஒரு மெல்லிய விலங்கு வாடை வருவதற்குக் காரணம் அதுவே. ஜெலட்டின் விலங்குப் பொருள் என்பதால் அதைத் தொடத் தயங்குகிறவர்கள் வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. விலங்குப் பொருள் கலவாத சைஸிங் உள்ள நல்ல காகிதங்களும் சந்தையில் கிடைக்கின்றன.

இந்தப் பசையூட்டலால் ஓவியருக்குக் கிடைப்பது நேரம். நனைத்த தாளின் மேல் வண்ணத்தைப் பரப்பும்போது மூன்று கட்டங்கள் வருகின்றன. முதலில் நீர் குளம் கட்டிப் பளபளக்கும். அப்போது வைக்கும் வண்ணம் கட்டுப்பாடின்றி ஓடும். பிறகு பளபளப்பு மங்கி, ஈரம் மட்டும் எஞ்சும். மேகத்தின் ஓரம், தூரத்து மரக்கூட்டம், நீரில் விழும் நிழல் எல்லாவற்றையும் இந்தக் கட்டத்தில்தான் வைக்க வேண்டும். அதன் பின் தாள் பாதி காய்ந்த நிலைக்கு வரும்; அப்போது ஒரு துளி கூடுதல் நீர் பட்டாலும் வண்ணம் விலகி ஓரங்களில் பூப்பூவாகத் திட்டு விழும். மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் இரண்டாம் கட்டம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆர்ச்சஸில் அது நீள்கிறது. தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்று, இந்த இடத்தில் இன்னும் ஒரு கீற்று வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுக்க இடம் கிடைக்கிறது.

சென்னையின் தட்பவெப்பத்தில் இந்த நேரத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் என் பணியறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்தாலும் ஒரு பெரிய வானத்தை மேலிருந்து கீழே பரப்பி முடிப்பதற்குள் மேல்பகுதி காயத் தொடங்கிவிடும். தாளின் இரு பக்கங்களையும் நன்றாக நனைத்து, கண்ணாடிப் பலகையில் ஒட்டினாற்போல் படியவைத்து வரைவதே அப்போது என் வழக்கம். அடிப்பக்கத்து ஈரம் மேலே வந்துகொண்டே இருப்பதால் வானத்தை நிதானமாக முடிக்க முடிகிறது. இப்படி முழுக்க நனைத்த பின்பும் இந்தத் தாளின் மேற்பரப்பு கூழாகிப் பிசிறடிக்காமல் தாங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை நேர்மாறானது. காற்றே ஈரமாக இருப்பதால் ஒரு படலம் காய்வதற்கு நெடுநேரம் பிடிக்கும். பொறுமையிழந்து அடுத்த படலத்தை வைத்தால் முதலாவது கலைந்து சேறாகும். அந்த மாதங்களில் ஒரே சமயத்தில் மூன்று நான்கு படங்களை அடுத்தடுத்துத் தொடங்கி, ஒன்று காயும் நேரத்தில் இன்னொன்றை எடுப்பது என் வேலைமுறை.

இந்தக் காகிதத்தை நான் முழுமையாகப் புரிந்துகொண்டது மரக்காணத்து உப்பளங்களை வரைந்த தொடரில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அந்த வெண்மையைப் பார்த்திருப்பார்கள். பாத்திகளில் தேங்கி நிற்கும் உப்புநீர், வரப்பில் வாரி ஒதுக்கிய ஈர உப்பு, அதற்கப்பால் அம்பாரமாகக் குவித்த காய்ந்த உப்பு, அதன் மேல் வெளிறிய வானம் என அங்கே எங்கு திரும்பினாலும் வெள்ளைதான். ஆனால் ஒரு வெள்ளையைப் போல் இன்னொன்று இல்லை. ஈர உப்பில் வானத்தின் நீலம் ஊறியிருக்கும். அம்பாரத்தின் நிழல் பக்கம் மண்ணின் செம்மையை வாங்கி ஊதா கலந்த சாம்பலாக நிற்கும். வெயில் நேராகப் படும் உச்சி மட்டும்தான் உண்மையான வெள்ளை. அந்த உச்சிக்குத் தாளைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வெள்ளையையும் மிக நீர்த்த வண்ணத்தால் ஒரு படி கீழே இறக்க வேண்டும். அத்தகைய நீர்த்த படலம் திட்டில்லாமல், கோடு விழாமல் ஒரே சீராகப் படிய வேண்டுமானால் தாளின் சைஸிங் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். இந்தத் தொடரில் தாள் என்னைக் கைவிடவில்லை. ஆர்ச்சஸ் இயல்பு வெள்ளை, கூடுதல் வெள்ளை என இரு வகையில் வருகிறது. உப்பளத்துக்குக் கூடுதல் வெள்ளைதான் பொருந்தும் என்று எண்ணத் தோன்றும்; நான் இயல்பு வெள்ளையையே பரிந்துரைப்பேன். அதிலுள்ள மெல்லிய வெதுவெதுப்பு முற்பகல் வெயிலின் நிறத்துக்கு அருகில் இருக்கிறது. அதன் பக்கத்தில் வைக்கும் நீல நிழல் குளிர்ந்து பின்னால் போகிறது.

காசிமேட்டுத் துறைமுகத்தை வரைவது முற்றிலும் வேறு வேலை. அங்கே அமைதியான வெண்மை எதுவும் இல்லை. நீலமும் பச்சையும் மஞ்சளும் பூசிய படகுகள், துருவேறிய சங்கிலிகள், குவிந்து கிடக்கும் வலைகள், ஐஸ் பெட்டிகள், அவற்றின் நடுவே நிற்காமல் நகரும் மனிதர்கள். இங்கே தாளின் சொரசொரப்பு கைகொடுக்கிறது. ஈரம் குறைந்த தூரிகையைப் பக்கவாட்டில் சாய்த்து வேகமாக இழுத்தால் வண்ணம் மேடுகளில் மட்டும் பட்டு, பள்ளங்களில் வெள்ளைப் புள்ளிகள் எஞ்சும். வலையின் கண்களையும் நீரின் மினுக்கத்தையும் தனித்தனியாக வரையாமலே அது உணர்த்திவிடும். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்து வைத்தால் கனமான நீலத்துகள் பள்ளங்களில் இறங்கித் தங்கி, செம்பழுப்பு மேலே மிதந்து பிரியும். துருவுக்கு அதைவிடப் பொருத்தமான கலவையை நான் இதுவரை காணவில்லை. வழவழப்பான தாளில் இந்தப் பிரிவு இவ்வளவு அழகாக நிகழாது.

வைத்த வண்ணத்தைத் திரும்ப எடுப்பதில் இந்தத் தாள் நடுத்தரமானது என்பேன். அல்ட்ராமரீனை ஈரத் தூரிகையால் வருடி ஓரளவு வெளுக்க முடியும். தாலோ நீலமும் தாலோ பச்சையும் இழைக்குள் இறங்கிவிட்டால் இறங்கியதுதான். ஆனால் சுரண்டலை இது நன்றாகத் தாங்குகிறது. காய்ந்த பின் கூரிய பிளேடின் நுனியால் ஒரு கயிற்றின் மேல் விழும் வெயில் கீற்றைச் சுரண்டி எடுக்கலாம். வண்ணம் படாமல் காக்க வேண்டிய இடத்தில் பூசும் ரப்பர் திரவமான மாஸ்கிங் திரவத்தைப் பூசி உரித்தாலும் மேற்பரப்பு கிழிந்து வருவதில்லை. எனினும் நம் ஊர் வெப்பத்தில் அந்தத் திரவத்தை ஓரிரு நாளுக்கு மேல் தாளில் விட்டுவைக்கக் கூடாது. ரப்பர் இறுகி இழையோடு சேர்ந்து வரத் தொடங்கும்.

படலத்தின் மேல் படலமாக வைத்து ஆழம் கூட்டும் வேலையில் இந்தத் தாள் எதுவரை வரும் என்பது செட்டிநாட்டு வீடுகளை வரையும்போது தெரியும். வாசலில் நின்று பார்த்தால் முற்றத்தின் வெயிலுக்கு முன்னால் தேக்குத் தூண்களும் கதவும் கறுத்து நிற்கும். அந்தக் கருமையைக் கறுப்பு ட்யூபால் ஒரே தடவையில் பூசினால் அது செத்த கருமையாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மெல்லிய படலங்களை ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனால் இருட்டுக்குள் மரத்தின் ரேகையும் ஒரு சூடும் தங்கும். ஒரு வாடிக்கையாளருக்காக வரைந்த பெரிய முற்றப் படத்தில் அப்படிப் பல படலங்கள் ஏற்றிய பிறகும் கீழுள்ள வண்ணம் கலங்கி மேலே வரவில்லை. விலைக்கு வரையும் ஓவியத்தில் இந்த உறுதி முக்கியம். வாங்குபவர் வீட்டில் அது எத்தனையோ ஆண்டு தொங்க வேண்டும்.

முழுத் தாளிலிருந்து வெட்டி எஞ்சும் துண்டுகளை நான் எறிவதில்லை. பணியறைச் சுவர் நெடுக அவை குத்தியிருக்கின்றன. சிலவற்றில் வண்ணக் கலவைச் சோதனைகள். மற்றவற்றில் வழியில் கிடைத்த பொருள்கள். ஓரம் உடைந்த ஆத்தங்குடிக் கல், அலை தேய்த்துத் தந்த கண்ணாடித் துண்டு, பல அடுக்குச் சுவரொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மழையில் பிய்ந்த தகடு, பழைய மரப்பெட்டியின் துருப்பிடித்த கீல். இவற்றை மாலை வேளைகளில் வரைவது பயிற்சிக்காக மட்டுமன்று. பிய்ந்த சுவரொட்டியில் ஒரு மஞ்சளின் அடியிலிருந்து எட்டிப் பார்த்த இளஞ்சிவப்பு பல வாரம் கழித்துக் காசிமேட்டுப் படகு ஒன்றின் பக்கவாட்டில் எனக்குப் பயன்பட்டது. பெரிய படத்துக்கும் சிறு துண்டுக்கும் ஒரே காகிதத்தைப் பயன்படுத்துவதன் நன்மை இதில் இருக்கிறது. துண்டில் கண்ட விளைவு அப்படியே பெரிய தாளிலும் வருகிறது. மலிவான தாளில் ஒத்திகை பார்த்துவிட்டு நல்ல தாளில் அரங்கேற்றம் செய்ய நினைப்பவர்களுக்கு அது நடப்பதில்லை. நீர் இரண்டிலும் இருவிதமாக நடந்துகொள்ளும்.

திறந்தவெளியில் நின்று நீர்வண்ணம் தீட்டும் பழக்கம் சென்னைக்குப் புதிதன்று. 1850 இல் தொடங்கிய எழும்பூர் ஓவியப் பள்ளியின் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெருவிலும் கடற்கரையிலும் பலகையோடு நின்றிருக்கிறார்கள். அப்பள்ளியின் முதல்வராக இருந்து, 1966 இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரும் தொடக்கத்தில் நீர்வண்ண நிலக்காட்சிகளால்தான் அறியப்பட்டார். வெளியே போய் வரைபவர்களுக்கு ஆர்ச்சஸ் பிளாக் வடிவிலும் கிடைக்கிறது. தாள்களை அடுக்கி நான்கு ஓரமும் பசையிட்டு ஒட்டியிருப்பார்கள். பலகையும் டேப்பும் தேவையில்லை, நனைத்தாலும் தாள் பெரிதாக நெளியாது. ஆனால் படம் முழுவதும் காய்ந்த பிறகே மேல் தாளைக் கத்தியால் பிரிக்க முடியும் என்பதால், ஒரே காலையில் இரண்டு மூன்று படம் வரைய விரும்புகிறவர்களுக்கு அது தடையாகிவிடும். பரப்பளவுக்குக் கணக்கிட்டால் தனித் தாளைவிட விலையும் கூடுதல். நான் தனித் தாளை வெட்டி, இலகுவான பலகையில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி எடுத்துச் செல்வதையே விரும்புகிறேன்.

300 ஜி.எஸ்.எம். தாளும் முழு ஈரத்தில் நெளியும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெரிய அளவில் வரையும்போது தாளை ஊறவைத்துப் பலகையில் பசை டேப்பால் இழுத்து ஒட்டிக் காயவிட்டால் அது தட்டையாகவே நிற்கும். 640 ஜி.எஸ்.எம். வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. விலை அதற்கேற்ப எகிறும். 185 ஜி.எஸ்.எம். வகை மையால் கோடு வரைந்து லேசாக வண்ணம் ஏற்றுபவர்களுக்குப் போதும். கோபுரச் சிற்பங்களை நுணுக்கமாக வரைய விரும்புகிறவர்கள் வழவழப்பான ஹாட் பிரஸ் வகையைப் பார்க்கலாம். அதில் பேனாவின் முனை தடுக்காமல் ஓடும். ஆனால் வண்ணப் படலத்தைச் சீராகப் பரப்புவது கடினம்.

பாதுகாப்பு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் இந்தக் காகிதத்தின் பெரிய எதிரி ஈரக் காற்று. ஜெலட்டின் நீண்ட நாள் ஈரத்தில் இருந்தால் அங்கங்கே சிதைந்துவிடும். பார்வைக்கு எதுவும் தெரியாது. ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய தாள்களில் வானத்தைப் பரப்பியதும் கருந்திட்டுகள் புள்ளி புள்ளியாக எழுந்தன. சுவரோரம் கட்டாக நிறுத்தி வைக்கப்பட்டுப் பல மழைக்காலங்களைக் கண்ட சரக்கு அது. ஆலையின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இடையில் வைத்திருந்த இடம் சரியில்லையென்றால் பயனில்லை. எனவே சரக்கு வேகமாக விற்றுத் தீரும் கடையில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளின் ஓரத்தில் நீர்த்த சாம்பல் வண்ணத்தைப் பரப்பிப் பாருங்கள்; திட்டு விழுந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். நான் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்கைவாட்டில் வைக்கிறேன். தரையிலோ குளியலறையை ஒட்டிய சுவர்ப் பக்கமோ ஒருபோதும் வைப்பதில்லை.

மாற்று உண்டா என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத்தைப் பற்றிச் சொல்வேன். பருத்திக் கந்தலிலிருந்து கையால் செய்யும் தாளுக்கு ஒரு தனி உயிர் உண்டு. கோட்டோவியத்துக்கும் கலப்பு ஊடகத்துக்கும் அதை நான் மனமுவந்து பயன்படுத்துகிறேன். ஆனால் ஈரத்தின் மேல் ஈரமாக வண்ணம் வைத்துக் கட்டுப்படுத்தும் வேலைக்கு ஆர்ச்சஸ் தரும் நீண்ட அவகாசம் எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

இனி விலை. இறக்குமதிச் சரக்கு என்பதால் முழுத் தாள் ஒன்று பல நூறு ரூபாய் ஆகிறது. கல்லூரி மாணவர் ஒருவர் தினப் பயிற்சிக்கு இதை வாங்குவது நியாயமான எதிர்பார்ப்பன்று. ஆனாலும் பலர் செய்வது தலைகீழான காரியம்: வெளிநாட்டு வண்ணப் பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு அதை மரக்கூழ்த் தாளில் பூசுகிறார்கள். ஒரு நீலம், ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், கூடவே ஒரு மண்ணிறம், இவற்றை நம் நாட்டுத் தயாரிப்பிலேயே வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் காகிதத்தில் போட்டால் கை விரைவில் தேறும். தாள் வேலை செய்யாதபோது பிழை தம் கையில்தான் என்று மாணவர்கள் நம்பிச் சோர்ந்துபோவதைப் பயிற்சி வகுப்புகளில் பார்த்துப் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஒரே ஒரு நல்ல தாள் அந்தச் சோர்வை நீக்கியிருக்கிறது.

முதன்முறை வாங்குபவர்கள் பிளாக்கையும் ரோலையும் விட்டுவிட்டு, 300 ஜி.எஸ்.எம். கோல்டு பிரஸ், இயல்பு வெள்ளை, ஒரு முழுத் தாள் மட்டும் வாங்குங்கள். அதை 19 செ.மீ.க்கு 28 செ.மீ. அளவில் எட்டாகப் பிரியுங்கள். கத்தரிக்கோலால் வெட்டாமல் தாளை மடித்து, மடிப்பை நகத்தால் இருபுறமும் அழுத்தி, இரும்பு அளவுகோலை வைத்துக் கிழித்தால் ஓரம் இயல்பாக அமையும். எட்டில் ஒன்றை வண்ணச் சோதனைக்கு ஒதுக்கி, மீதி ஏழிலும் ஒரே காட்சியை வெவ்வேறு நேரத்து வெளிச்சத்தில் வரைந்து பாருங்கள். அடுத்த தாளுக்குக் காசு சேர்ப்பதா வேண்டாமா என்பதை அதற்குள் நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.